‘குழந்தை உழைப்பே இல்லை’ என்று கையெழுத்துப் போடலாமா?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்தபடி சாக்லேட் செய்து விற்கும் 46 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

ஆறு ஆண்டாக இந்தத் தொழில். வருமானத்தில் பாதி தீபாவளியை ஒட்டித்தான் வரும். இந்த முறை ஓர் அலுவலகம் 600 அன்பளிப்புப் பெட்டிகள் கேட்டிருக்கிறது. பெட்டிக்கு 18 வெள்ளி, மொத்தம் 10,800 வெள்ளி. அவருக்குக் கிடைத்த ஆகப் பெரிய ஆர்டர் இதுதான். ஆர்டரோடு நான்கு பக்க ‘சப்ளையர் டிக்ளரேஷன்’ (பொருள் தருபவரின் உறுதிமொழி) ஒன்றும் வந்திருக்கிறது. ‘இப்பொருளின் உற்பத்தியில் எந்தக் கட்டத்திலும் குழந்தை உழைப்பு பயன்படுத்தப்படவில்லை என உறுதி கூறுகிறேன். இது மீறப்பட்டால் ஏற்படும் எல்லா இழப்புகளையும் ஈடுசெய்வேன்’ என்று அதன் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

சாக்லேட் வாங்கும் மொத்த வியாபாரியிடம் போனில் கேட்டிருக்கிறார். “எல்லாம் பெல்ஜியம் சரக்கு, பயப்படாம கையெழுத்துப் போடுங்க” என்று பதில் வந்திருக்கிறது. கணவரோ, “யார் வந்து பார்க்கப் போறாங்க, போட்டுக் குடு” என்கிறார். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் பள்ளித் திட்டப்பணிக்காகச் சாக்லேட்டின் மூலப்பொருளான கொக்கோவின் விளைச்சலில் குழந்தை உழைப்பு இருப்பதைப் பற்றிப் படித்துவிட்டு, மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோவையே தொடக்கூடாது, அந்த வியாபாரியின் கடை முன்னால் அட்டை பிடித்து நிற்கப் போகிறேன் என்கிறாளாம். இதற்கிடையில், வாசகியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இரண்டு ஆண்டாக ‘குழந்தைகளின் வியர்வை கலக்காத சாக்லேட்’ என்ற வரி வேறு இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் ஒரு பின்குறிப்பு: “மகள் ராத்திரியில் பெட்டிக்கு ரிப்பன் கட்டித் தருகிறாள். இதுவும் குழந்தைத் தொழில்தானே என்று கணவர் கேலி செய்கிறார்.”

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில். அந்தத் தாளில் இப்போது இருக்கும் வடிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆர்டரை விட வேண்டிய அவசியம் இல்லை, வாசகத்தை மாற்றினால் போதும். எப்படி மாற்றுவது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

‘உறுதி கூறுகிறேன்’ என்பதைப் பலரும் மரியாதைக்கு எழுதும் சொல்லாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தில் அதன் எடை வேறு. நீங்கள் சொன்னது பொய் என்று பின்னால் தெரியவந்தால், உங்களுக்குத் தெரிந்திருந்ததா, நல்லெண்ணத்தில் சொன்னீர்களா என்பதெல்லாம் கணக்கில் வராது. வாக்கு தவறியது, அவ்வளவுதான். அதற்கு அடுத்த வரி அதைவிட ஆபத்து. ‘எல்லா இழப்புகளும்’ என்பதற்கு மேல்வரம்பே இல்லை. 10,800 வெள்ளி ஆர்டருக்கு அவர்களின் வழக்குச் செலவையும் விளம்பரச் செலவையும் சேர்த்துக் கேட்க அதில் இடம் இருக்கிறது. நம் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் இப்படிப்பட்ட ஈடுசெய்யும் விதியிலிருந்து பயனீட்டாளரைத்தான் காப்பாற்றும். நீங்கள் இங்கே வியாபாரியாக நிற்கிறீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் ஏதாவது ஒரு செய்தி வெளிவந்து அந்த நிறுவனத்துக்குத் தலைவலி வரும் நாளில், கோப்பைத் திறந்து யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்ப்பார்கள். இப்படிப்பட்ட தாள்கள் அதற்காகத்தான் தயாராகின்றன. ஜெர்மனியில் 2023-இல் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம் போன்றவை பெரிய நிறுவனங்களின் மேல் பொறுப்பைச் சுமத்துகின்றன. அவை அதைக் கீழே கீழே தள்ளிவிட, கடைசியில் உட்லண்ட்ஸ் சமையலறையில் வந்து நிற்கிறது.

உங்கள் பெட்டியில் இருக்கும் கொக்கோ

அந்த வாக்கு உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டா என்று பார்ப்போம். பெட்டிக்கு ஒன்பது துண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். 600 பெட்டிக்கும் சேர்த்து ஏறக்குறைய 65 கிலோ சாக்லேட் தேவைப்படும். அதற்கு வேண்டிய கொக்கோக் கொட்டை ஒரு சணல் மூட்டைக்குள் அடங்கிவிடும். ஒரே ஒரு மூட்டைதானே, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாதா என்று தோன்றும்.

கொக்கோக் காய் மரத்தின் அடித்தண்டிலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். கத்தியால் வெட்டி இறக்கி, காயைப் பிளந்து, வெள்ளைச் சதையோடு இருக்கும் முப்பது நாற்பது கொட்டைகளை விரலால் வழித்து எடுப்பார்கள். குவித்து, வாழை இலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விட்டு, பிறகு பாயில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். ஒரு குடும்பத்துக்குச் சில ஹெக்டேர் நிலம்தான் இருக்கும். காய்ந்த கொட்டையை ஊர் ஊராக வரும் இடைத்தரகர் வாங்குவார், அல்லது கூட்டுறவுச் சங்கம் வாங்கும். அங்கே பல நூறு குடும்பங்களின் கொட்டை ஒன்றாகக் கொட்டப்படுகிறது. அப்புறம் துறைமுகக் கிடங்கு, கப்பல், அரைக்கும் ஆலை. அந்த ஆலை ஐரோப்பாவில் இருக்கலாம், இங்கே சிங்கப்பூரில் இருக்கலாம், கடலுக்கு அந்தப் பக்கம் பாசிர் கூடாங்கிலும் இருக்கலாம். ‘பெல்ஜியம் சரக்கு’ என்பது இந்தப் பயணத்தின் கடைசிச் சமையலறை எது என்பதை மட்டும் சொல்கிறது. பெல்ஜியத்தில் கொக்கோ மரம் வளராது. நம் உணவு விதிமுறைப்படி இறக்குமதிப் பொட்டலத்தில் தயாரித்த நாடும் இங்குள்ள இறக்குமதியாளரின் பெயரும் இருக்க வேண்டும். கொட்டை விளைந்த நாட்டைப் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் என்ஓஆர்சி ஆய்வு மையம் 2020-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2018/19 பருவத்தில் அந்த இரு நாடுகளின் கொக்கோ வேலையில் 15 லட்சத்து 60 ஆயிரம் பிள்ளைகள் குழந்தைத் தொழிலாளர்களாக இருந்தார்கள். அவர்களில் 14 லட்சத்து 80 ஆயிரம் பேர் செய்தது ஆபத்தான வேலை.

இந்த விஷயத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய கையெழுத்து விழுந்திருக்கிறது. 2001 செப்டம்பரில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஹார்க்கின், எங்கெல் இருவரின் முயற்சியில், உலகின் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் ஓர் உடன்படிக்கைக்கு ஒப்புக்கொண்டன. மிக மோசமான குழந்தை உழைப்பு இல்லாமல் விளைந்த கொக்கோ என்று சான்று தரும் முறையை 2005-க்குள் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். 2005 என்பது 2008 ஆனது, பிறகு 2010 ஆனது. அதன்பின் இலக்கே மாறி, 2020-க்குள் 70 விழுக்காடு குறைப்போம் என்றார்கள். அதுவும் நடக்கவில்லை. அவர்களால் இருபது ஆண்டில் காப்பாற்ற முடியாத வாக்கை, 65 கிலோ சாக்லேட்டுக்காக நீங்கள் மேல்வரம்பே இல்லாமல் கொடுக்கப் போகிறீர்களா?

ரிப்பன் கட்டும் மகள்

உங்கள் கணவரின் கேலியை நான் சீரியஸாகவே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் பலர் தடுமாறும் இடம் இதுதான்.

பிள்ளைகள் செய்யும் வேலை எல்லாமே குழந்தைத் தொழில் ஆகிவிடாது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 138-ஆவது உடன்படிக்கை, படிப்பையும் உடல்நலத்தையும் கெடுக்காத எளிய வேலையைக் குறிப்பிட்ட வயதுக்கு மேல் அனுமதிக்கிறது. சிங்கப்பூரில் 13 வயது நிரம்பிய பிள்ளை எளிய வேலை செய்யலாம், தொழிற்சாலை வேலை கூடாது. 15 வயது மகள் வீட்டுப்பாடம் முடித்துவிட்டு அம்மாவுக்கு ரிப்பன் கட்டித் தந்தால் அதில் தப்பே இல்லை. இரவு ஒரு மணிவரை கட்டி, காலையில் வகுப்பில் தூங்கினால் சட்டம் கேட்காது, நான் கேட்பேன்.

ஐவரி கோஸ்ட்டில் ஒரு பையன் பள்ளி விட்டு வந்து காய்ந்த கொட்டையைக் கிளறிவிட்டால் அதுவும் இந்த வகைதான். அதே பையன் நீளக் கத்தியால் காய் பிளந்தால், தன் எடைக்கு மீறிய மூட்டையைத் தலையில் சுமந்தால், பூச்சிமருந்து தெளித்தால், காடு வெட்டி எரிக்கும் இடத்தில் நின்றால் அது ஆபத்தான வேலை. சொந்த அப்பாவின் தோட்டமாக இருந்தாலும் அப்படித்தான். புர்க்கினா ஃபாசோ, மாலி போன்ற நாடுகளிலிருந்து கடத்தி வரப்பட்ட பிள்ளைகளும் உண்டு. அது கொடுமையான குற்றம், நடக்கவும் நடக்கிறது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் சொந்தக் குடும்பத்தின் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். உங்கள் மகள் கடிதத்தில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் சங்கிலியில் இருப்பதுபோல் தோன்றுகிறது. போலீஸ் பிடித்துச் சரிசெய்வது ஒரு பங்குதான். மீதிக்கு, கூலியாள் வைக்கப் பணம் இல்லாத அப்பாவிடம் பேச வேண்டும்.

நமக்கு இது அந்நியமான கதையும் இல்லை. என் பாட்டி ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். எட்டு வயதில் விடியுமுன் அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போய் மங்கு (ரப்பர் பால் வடியும் கிண்ணம்) துடைத்ததை வயதான காலத்திலும் விரலை ஆட்டிக் காட்டுவார். தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும் என்று 1923-இலேயே மலாயாவில் சட்டம் வந்துவிட்டது. பாட்டி பள்ளிக்கும் போனார், மங்கும் துடைத்தார். என்ஓஆர்சி அறிக்கையிலும் அதே கதையைப் படித்தேன். 2008/09-க்கும் 2018/19-க்கும் இடையில் ஐவரி கோஸ்ட்டின் கொக்கோப் பகுதி விவசாயக் குடும்பங்களில் பள்ளி செல்லும் பிள்ளைகள் 58 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாக உயர்ந்தார்கள். இரு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், கொக்கோ வேலையில் குழந்தைத் தொழிலாளராக இருப்போரின் பங்கும் 31-இலிருந்து 45 விழுக்காடாக ஏறியது. இரண்டும் ஒரே நேரத்தில்.

முத்திரை இருக்கிறதே என்றால்

அடுத்த தடவை, விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதற்கான ஃபேர்டிரேட் சான்று முத்திரை உள்ள சாக்லேட்டை வாங்கிவிட்டால் தைரியமாகக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முத்திரை நல்லது, வாங்குங்கள். அதை உத்தரவாதமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கொக்கோவில் ‘மாஸ் பேலன்ஸ்’ என்றொரு முறை உண்டு. சான்று பெற்ற நூறு மூட்டையும் சான்று இல்லாத நூறு மூட்டையும் ஒரே ஆலையில் கலந்து அரைபடலாம், வெளியே வரும்போது நூறு மூட்டை அளவுக்கு முத்திரை குத்திக்கொள்ளலாம். பணம் சான்று பெற்ற விவசாயிக்குப் போய்ச் சேரும், உங்கள் கட்டியில் இருப்பது அவர் கொட்டையா என்பது தெரியாது. இந்த முறையா என்பது பொட்டலத்தின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

இதேபோல் சான்று முத்திரை தரும் ரெய்ன்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தன் புதிய விதிகளில் பழைய தடை முறையை விட்டுவிட்டது. ஒரு பிள்ளை வேலை செய்வது தெரிந்தவுடனே சான்றைப் பிடுங்கினால், விவசாயி பிள்ளையை ஒளித்து வைப்பார், சங்கம் கணக்கில் காட்டாது. அதனால் ‘தேடு, கண்டுபிடி, சரிசெய்’ என்று மாற்றினார்கள். நெதர்லாந்தின் டோனிஸ் சாக்கோலோன்லி சாக்லேட் நிறுவனம் தன் விநியோகச் சங்கிலியில் ஒரே ஆண்டில் 1,701 குழந்தைத் தொழிலாளர்களைக் கண்டறிந்ததாகத் தானே அறிவித்தது. தலைப்புச் செய்தி அவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் என்னிடம் இரண்டு வியாபாரிகள் வந்து ஒருவர் ‘எங்களிடம் ஒன்றுகூட இல்லை’ என்றும், மற்றவர் ‘போன வருஷம் இத்தனை பேரைக் கண்டுபிடித்தோம், இத்தனை பேர் இப்போது பள்ளியில்’ என்றும் சொன்னால், இரண்டாமவரிடம்தான் வாங்குவேன். தேடாதவருக்கு எப்போதும் பூஜ்யம்தான் கிடைக்கும்.

ஆகவே உங்கள் மொத்த வியாபாரிக்கு, அவருக்குத் தெரியாவிட்டால் பொட்டலத்தில் இருக்கும் இறக்குமதியாளருக்கு, மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். கொட்டை எந்த நாடு, எந்தச் சங்கம், தனியாக வந்ததா கலந்து வந்ததா? அந்தச் சங்கத்தின் குடும்பங்களில் எத்தனையில் குழந்தைத் தொழிலாளர் கண்காணிப்பு நடக்கிறது, போன ஆண்டு எத்தனை பிள்ளைகள் தெரியவந்தார்கள், பிறகு என்ன செய்தார்கள்? சந்தை விலைக்கு மேல் டன்னுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்? பதில் வராமல் போனாலும் கேட்டதற்குச் சாட்சி இருக்கும்.

கையெழுத்துப் போடக்கூடிய வாசகம்

அலுவலகத்துக்கு இப்படி எழுதித் தரலாம்:

“கொக்கோ விளையும் பகுதிகளில் குழந்தை உழைப்பு இருப்பதை அறிவேன். நான் வாங்கும் சாக்லேட்டின் மூலம் பற்றி விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டேன். அவர் தந்த பதிலை இணைத்துள்ளேன். அதற்கு மாறான தகவல் எனக்குத் தெரியவந்தால் 14 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பேன். என் சமையலறையில் சிறுவர் எவரையும் கூலி வேலைக்கு அமர்த்தவில்லை. இது தொடர்பான என் பொறுப்பு இந்த ஆர்டரின் தொகையைத் தாண்டாது.”

இதில் ஒவ்வொரு வரியும் உங்களால் நிரூபிக்கக்கூடியது. தவறாக எதையாவது சொல்லி ஒப்பந்தம் போட்டதாகக் குற்றச்சாட்டு வந்தாலும், நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டினால் தவறான கூற்றுச் சட்டம் உங்களுக்கு இடம் தரும். அந்த மின்னஞ்சல்கள்தான் அந்தக் காரணம். வாட்ஸ்அப் செய்தியும் சாட்சியாகும், போன் பேச்சை நிரூபிப்பதுதான் கஷ்டம்.

இதில் ஏதாவது குற்றம் இருக்கிறதா என்ற பயம் வேண்டாம். குழந்தை உழைப்பு கலந்திருக்கலாம் என்பதற்காகக் கொக்கோ வாங்குவதைத் தடுக்கும் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. கட்டாய உழைப்பில் விளைந்த பொருளை எல்லையிலேயே நிறுத்தும் சட்டம் அமெரிக்காவில் 1930 முதல் இருக்கிறது.

ஆனால் இன்ஸ்டாகிராம் வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நியாயமான வர்த்தகத்துக்கான பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய்யான கூற்றே நியாயமற்ற நடைமுறை. வாங்கியவர் 30,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம். தொடர்ந்து செய்தால் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம். வீட்டுத் தொழில் மேல் அவ்வளவு தூரம் போவார்களா என்றால், சந்தேகம்தான். ஆனாலும் அந்த வரி உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்கிறது. பழைய வாடிக்கையாளர் யாராவது கேட்டால், ‘சரிபார்க்காமல் எழுதிவிட்டேன், இப்போது விசாரிக்கிறேன்’ என்று சொல்லுங்கள்.

வியாபாரியும், அட்டையும், புறக்கணிப்பும்

மொத்த வியாபாரி மேல் வழக்கா? இப்போதைக்கு இல்லை. அவர் சொன்ன ‘பெல்ஜியம்’ உண்மையாகவே இருக்கலாம், உங்களுக்கு இன்னும் நட்டம் எதுவும் ஏற்படவில்லை. பெரிய வழக்குகளே இந்தத் துறையில் தடுக்கி விழுந்திருக்கின்றன. சிறுவயதில் ஐவரி கோஸ்ட் தோட்டங்களுக்குக் கடத்தப்பட்டதாகச் சொன்ன மாலி நாட்டவர் ஆறு பேர் நெஸ்லே, கார்கில் நிறுவனங்களுக்கு எதிராகத் தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் 8-க்கு 1 என்ற கணக்கில் ஏற்க மறுத்தது. சம்பவம் நடந்தது அமெரிக்காவுக்கு வெளியே, அமெரிக்காவில் நிர்வாக முடிவு எடுத்ததாகச் சொன்னால் மட்டும் போதாது என்பதுதான் காரணம். பிள்ளைகள் வேலை செய்தார்களா இல்லையா என்பதை அந்தத் தீர்ப்பு முடிவுசெய்யவே இல்லை.

மகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பொது ஒழுங்குச் சட்டப்படி ஒரே ஒருவர் அட்டை பிடித்து நின்றாலும் அது கூட்டம்தான், அனுமதி வேண்டும். கடை வாசலில் நிற்பது வினை. வியாபாரி பெயரைப் போட்டு ‘குழந்தை அடிமை வியாபாரி’ என்று வீடியோ போட்டால் அவதூறு வழக்கு வரலாம், சொன்னது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் அவள் தலையில் விழும். ‘கேட்டோம், இன்ன பதில் வந்தது’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. அந்தக் கோபத்தை அடக்கச் சொல்லவில்லை. அவள் கேட்டதால்தான் நீங்கள் எனக்கே எழுதினீர்கள்.

மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோவையே விட்டுவிடலாமா? அது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் விடமாட்டேன். 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ டன் 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது, அதாவது கிலோ 12 டாலர். அதே பருவத்தில் ஐவரி கோஸ்ட் அரசு விவசாயிக்கு நிர்ணயித்த விலை கிலோவுக்கு 1,800 சிஎஃப்ஏ பிராங்க், சுமார் 3 டாலர். விளைச்சலை அரசு முன்கூட்டியே விற்றுவிடுவதால் விலையேற்றம் விவசாயிகள் கைக்கு வந்து சேரவில்லை. விலை கூடிய சாக்லேட் வாங்கினால் விவசாயிக்கு அதிகம் போகும் என்ற எண்ணமும் இதே காரணத்தால் பல நேரம் பொய்த்துப்போகும். வாங்குபவர்கள் விலகிப் போனால் கூலியாள் வைக்கக் காசு இன்னும் குறையும், கத்தி பையன் கைக்குப் போகும். மூன்றாவது கேள்வியாக டன்னுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னது அதனால்தான். நல்ல பதில் தருபவர் கிலோவுக்கு இரண்டு மூன்று வெள்ளி அதிகம் கேட்டால், 65 கிலோவுக்கு அது 200 வெள்ளிக்குள் அடங்கும். பெட்டி விலையில் 35 காசு ஏற்றினால் சரியாகிவிடும்.

கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதும் வேலையை மகளிடம் கொடுங்கள், மின்னஞ்சல் உங்கள் பெயரில் போகட்டும். அலுவலகத்தில் வாசகத்தை மாற்ற முடியாது என்று சொன்னால், அவர்கள் பதிலை அப்படியே எனக்கு அனுப்புங்கள். அதுவரை மூன்றாம் பக்கத்தில் பேனா படக்கூடாது.